பழைய டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்: வாசகர் கேள்வி பதில்

கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்களை, அதாவது வால்வு ஆம்புகளைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து ஒரே மாதிரியான கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. "எங்களிடம் வால்வு இல்லை, பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று இருக்கிறது, அதற்கும் ஏதாவது சொல்ல முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயக்கம் எதற்கு? ரோலண்ட் ஜேசி-120 வெளிவந்தது 1975இல். சுத்தமான கிட்டார் ஒலி என்றால் இன்றும் உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் பெயர்களில் அதுவும் ஒன்று. மெட்டாலிக்கா ராக் குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு தெளிந்த ஒலி தேவைப்பட்ட இடங்களில் அதைத்தான் நாடினார். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் பல ஆண்டுகள் வாசித்த லேப் சீரீஸ் எல்5 முழுக்க முழுக்க டிரான்சிஸ்டர்தான். இந்த மாதம் இந்தப் பக்கங்கள் அந்த ஆம்புகளுக்கு மட்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. கீழே சொல்லும் உள்வேலை எதையும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகே தொடங்க வேண்டும். உருவிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அவற்றின் இரு முனைகளுக்கும் நடுவே அரை நிமிடம் பிடித்து, மீட்டரில் பூஜ்யத்துக்கு அருகே வந்ததைப் பார்த்த பின் கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வதைப் பல கடைகளில் பார்க்கிறேன். கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கு ஜப்பானிலிருந்து வந்த பழைய ஜேசி-120 கிடைத்திருக்கிறது. பின்புறம் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. இரண்டு முள் பிளக். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினால் போதுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

மாட்டினால் ஆம்ப் ஓடும். ஆனால் எர்த் இல்லாமல் ஓடும். அதனால் "போதாது" என்பதே என் பதில்.

கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிளின் வெளிவலை வழியாகவும் ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. மைக்கின் உலோகக் கூடு மிக்ஸர் வழியாக எர்த்தில் இருக்கிறது. எர்த் இல்லாத ஆம்பில் மின்கசிவு ஏற்பட்டால், கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்ட பாடகரின் உடல் வழியாகத்தான் அந்த மின்சாரம் வழி தேடும். ஆம்பில் எர்த் இருந்து மைக் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அப்படித்தான். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். பாடிக்கொண்டே வாசிக்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, இரண்டு கம்பி வயரை எடுத்துவிட்டு மூன்று கம்பி வயர் போடுவது. பச்சைக் கம்பியைச் சட்டத்தில் தனி போல்ட்டில், பெயின்ட் சுரண்டிய இடத்தில், பல் வாஷரோடு இறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் சேர்க்க வேண்டாம். அது நாளடைவில் தளரும். அடுத்து ஸ்டெப்-டவுன். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவற்றில் சுவர் மின்சாரத்துக்கும் வெளியீட்டுக்கும் பிரிவினையே இல்லை. பலவற்றில் வெளியீட்டு சாக்கெட்டின் எர்த் துளை வெறும் அலங்காரம், உள்ளே கம்பி கிடையாது. தனித்தனிச் சுற்று கொண்ட, எர்த் தொடர்ச்சி உள்ள, 500 விஏ அளவிலான டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தரச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் பட்டறைகள் உங்கள் ஊரில் நிறைய உண்டு. ஆலயத்தின் மின்பலகையில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஜப்பானின் கிழக்குப் பாதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60. தொடக்கக் காலத்தில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு இது, இன்றுவரை மாறவில்லை. ரோலண்ட் பிறந்தது 60 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒசாகாவில். விற்றது இரண்டு பக்கமும். அதனால் அவர்களுடைய டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸுக்குச் சூடாகாது.

என் அண்ணன் அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பீவி ஆம்ப் கொண்டுவந்தார். ஸ்டெப்-டவுனில் ஓட்டுகிறேன். அரை மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தொட முடியாத சூடு. ஏன்?
— வாசகர், சென்னை

முன் பதிலில் ஜப்பானுக்குக் கிடைத்த சலுகை அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மருக்கு இல்லை என்பதால். இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலம் எவ்வளவு ஏறும் என்பதை வோல்டேஜை அதிர்வெண்ணால் வகுத்த அளவு தீர்மானிக்கிறது. அங்கே 120ஐ 60ஆல் வகுத்தால் 2. இங்கே 120ஐ 50ஆல் வகுத்தால் 2.4. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். தாராளமாகச் செய்யப்பட்ட உள்ளகம் தாங்கிக்கொள்ளும், சிக்கனமாகச் செய்யப்பட்டது சூடாகி முனகும். ஸ்டெப்-டவுனில் 110 அல்லது 100 வோல்ட் முனை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். சத்தத்தில் சிறு குறைவு வரும், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. நிரந்தரத் தீர்வு, 230 வோல்ட் முதன்மைச் சுற்றோடு புதிய டிரான்ஸ்ஃபார்மர்.

உங்கள் ஆம்ப் எழுபதுகளின் இரண்டு முள் ரகம் என்றால், பின்புறம் "கிரவுண்ட்" என்று எழுதிய ஒரு சுவிட்ச் இருக்கும். அதற்குப் பின்னால் மின்சாரக் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் முழு மின்சாரம் வரும். மெக்கானிக்குகள் அதைச் சாவுக் கெப்பாசிட்டர் என்று அழைப்பது மிகையல்ல. மூன்று கம்பி வயர் போடும்போதே அதை வெட்டி எடுத்துவிடுங்கள்.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். ஆம்பில் உறுமல் சத்தம். ஒரு மெக்கானிக் கெப்பாசிட்டர் என்கிறார், இன்னொருவர் எர்த் என்கிறார். எர்த் முள்ளை எடுத்துவிட்டால் உறுமல் நிற்கிறது. அப்படியே விடலாமா?
— வாசகர், மதுரை

விடக் கூடாது. முதல் பதிலை மறுபடி படியுங்கள், இன்றே அந்த முள்ளைத் திரும்ப மாட்டுங்கள்.

இரண்டு மெக்கானிக்குகளில் யார் சொல்வது சரி என்பதை உங்கள் கிட்டாரே சொல்லும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரைத் தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. அதைச் சமன்படுத்துவது பெரிய கெப்பாசிட்டர்களின் வேலை. அவை உலர்ந்துபோனால் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் கேட்கும். கிட்டாரின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஆகவே உறுமலும் அந்தச் சுரமும் ஏறக்குறைய ஒன்றாக நின்றால் கெப்பாசிட்டர் மீது சந்தேகம். உறுமல் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் எர்த் சுழல், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் அருகே ஓடும் கம்பி. சுருதி பிடித்துப் பழகிய உங்கள் காதுக்கு இது சுலபம்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். கேபிளை உருவி, வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் உறுமினால் குறை பவர் பகுதியில். உறுமல் நின்றுவிட்டால் குறை கிட்டாரிலோ கேபிளிலோ மேடை இணைப்பிலோ இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறொரு பிளக்கிலும் இருந்து, சிக்னல் கேபிள் இரண்டையும் இணைத்து எர்த் சுழலை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். அப்போதும் தொடர்ந்தால், சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். அது சிக்னல் வழியை மட்டும் துண்டிக்கும், உங்கள் உயிரைக் காக்கும் எர்த்தைத் தொடாது.

எண்பதுகளின் பீவி பாண்டிட். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் அமுங்கிவிடுகிறது. தட்டினால் திரும்புகிறது. உள்ளே பழைய பாகங்களை எல்லாம் மாற்ற வேண்டுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

எதையும் மாற்றும் முன் ஒரு சிறு கேபிளை எடுத்து, ஆம்பின் பலகையில் உள்ள ப்ரீஆம்ப் (முன்பகுதி) வெளியீட்டையும் பவர்ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி) உள்ளீட்டையும் இணையுங்கள். சத்தம் நிலையாக நின்றால் நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த உள்ளீட்டு ஜாக்கில் எதுவும் செருகாதபோது உள்ளே இரண்டு உலோக இதழ்கள் தொட்டுக்கொண்டு சிக்னலைக் கடத்துகின்றன. யாரும் பயன்படுத்தாத ஜாக் என்பதால் அந்த இதழ்களில் ஆண்டுக்கணக்கில் களிம்பு ஏறியிருக்கும். கடற்கரைக் காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு தெளித்து, ஒரு பிளக்கைப் பலமுறை செருகி உருவுங்கள். பெரும்பாலும் இத்தோடு தீரும். தீராவிட்டால் ஜாக்கின் கால்களில் சால்டர் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். போர்டிலேயே பற்றவைத்த ஜாக்குகளில் கேபிளை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சுமை அந்தக் கால்களில் விழுகிறது.

கரகரக்கும் குமிழ்களுக்கும் அதே கிளீனர் போதும். தெளித்து முழுக்கத் திருப்பித் திருப்பி விடுங்கள். துரு நீக்கும் எண்ணெயை மட்டும் அடிக்காதீர்கள். முதல் வாரம் நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெய்ப் பசை ஊர்த் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஜேசி-120இல் கோரஸ் வேலை செய்யவில்லை. கோரஸ் ஐசி போய்விட்டது, இப்போது கிடைக்காது என்கிறார்கள்.
— வாசகர், தூத்துக்குடி

ஐசி மீது பழி போடும் முன் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் அருகில் தனித்தனியே காது வைத்துக் கேளுங்கள். இந்த ஆம்பின் அழகே இங்கேதான் இருக்கிறது. உள்ளே 60 வாட் பவர் ஆம்புகள் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வழி. கோரஸ் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டார் அப்படியே வரும். இன்னொன்றில் சிறிதளவு தாமதித்து, அந்தத் தாமதமும் அலைந்துகொண்டே இருக்க, சுருதி மெல்ல ஆடும் ஒலி வரும். இரண்டும் கலப்பது ஆம்புக்குள் அல்ல, அறையின் காற்றில். மறு ஆண்டு பாஸ் நிறுவனப் பெயரில் வந்த சிஇ-1 பெடல் இந்தச் சுற்றிலிருந்து பிறந்ததுதான்.

ஆகவே ஆடும் ஒலி வரும் பக்கத்து ஸ்பீக்கரோ, அதன் பவர் ஆம்போ, ஃப்யூஸோ செத்திருந்தால் கோரஸே இல்லாததுபோலத் தெரியும். நல்ல பக்கம் மட்டும் ஒலிப்பதால் ஆம்ப் "ஓடுகிறது" என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். முதலில் ஃப்யூஸ், பிறகு ஸ்பீக்கர் இணைப்பு, பிறகு ஸ்பீக்கர் காயில். 8 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 6 ஓமுக்கு மேல் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கோரஸ் போர்டுக்குப் போங்கள். அங்கேயும் பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் சுவிட்சையும் பார்த்த பிறகே தாமத ஐசி. அந்தப் போர்டில் இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சிறு டிரிம்மர்களைத் தொடாதீர்கள். தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிசெய்தவை அவை. திருப்பிவிட்டால் ஆஸிலோஸ்கோப் இல்லாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது.

எழுபதுகளின் ஆம்ப், நன்றாகத்தான் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் எல்லா ஐசியையும் நவீன ஐசியாக, எல்லா கெப்பாசிட்டரையும் உயர்ரகமாக, பவர் சப்ளையை மூன்று மடங்காக மாற்றித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், சேலம்

அவர் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவம். மற்றதை வேண்டாம் என்று சொல்வேன். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல ஆம்புகள் பாழாவது பெரும்பாலும் இந்த ஆர்வத்தால்தான்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் ஈரமான வேதிப்பொருள் இருக்கிறது. அது உலர்கிறது. சூடு பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் நாற்பது ஆண்டுகள் இருந்தவை அலுத்துப்போயிருக்கும். அவற்றை மாற்றுவது நியாயமான வேலை. 85 டிகிரி தரத்தில் இருப்பதற்குப் பதிலாக 105 டிகிரி தரம் போடுங்கள். வோல்டேஜ் தரம் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். மைக்ரோஃபாரட் அளவு பழையதே போதும், பாதிவரை கூட்டினால் தவறில்லை. மூன்று மடங்காக்கினால் சுவிட்ச் போடும் கணத்தில் ரெக்டிஃபயர் மீது பாயும் மின்னோட்டம் எகிறும், ஃப்யூஸ் போகும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும். கிட்டாருக்குக் கேட்கக்கூடிய லாபம் எதுவும் இல்லை. இந்த ஆம்புகளில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு மின்தடங்கள் உண்டு. மைனஸ் பக்கத்துக் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் தரையில் இருக்கும். பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டால் வெடிக்கும். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான் கெப்பாசிட்டர் வேலை. டோன் குமிழ்களைச் சுற்றியிருக்கும் ஃபிலிம், செராமிக் வகைகள் உலர்வதில்லை. அந்த அளவுகள்தான் உங்கள் ஆம்பின் குரல். அங்கே கை வைக்க அனுமதிக்காதீர்கள்.

இனி ஐசி. பழைய ஆம்புகளில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது 4558. அதன் இடத்தில் என்இ5532 போடுவது ஒரு மோகமாகிவிட்டது. என்இ5532 இரைச்சல் குறைந்த, அருமையான ஐசிதான், சரியான இடத்தில். ஆனால் அது 4558ஐப்போல இரு மடங்குக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும். பழைய ஆம்புகளில் அந்த மின்சாரம் ஒரு ரெசிஸ்டரும் வோல்டேஜை நிலைநிறுத்தும் ஜீனர் டையோடும் வழியாகத்தான் வருகிறது. நாலைந்து ஐசியை மாற்றினால் அந்த ரெசிஸ்டர் வெந்துபோகும், வோல்டேஜ் சரியும். அதன் உள்ளீட்டு முனை இழுக்கும் சிறு மின்னோட்டம் வால்யூம் குமிழ் வழியாகப் போக நேர்ந்தால் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். வேகமான ஐசி என்பதால், பழைய போர்டின் நீண்ட தடங்களில் காதுக்கு எட்டாத அலைவு தொடங்கி ஒலி கரடுமுரடாகவும் கூடும். இரைச்சல் உண்மையிலேயே தொல்லை என்றால் முதல் கட்டத்து ஐசி ஒன்றை மட்டும், சாக்கெட் போட்டு, டிஎல்072ஆக மாற்றிக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்பச் செருகலாம். கழற்றிய எந்தப் பாகத்தையும் தூக்கிப் போடாமல் உறையில் போட்டு ஆம்பின் அடியில் ஒட்டி வையுங்கள்.

என் பட்டறைக்கு வரும் ஆம்ப் எதுவானாலும் வரிசை இதுதான்: எர்த், உலர்ந்த கெப்பாசிட்டர், ஜாக்கும் குமிழும், பிறகு ஸ்பீக்கர் பாதுகாப்பு. இந்த நான்கும் முடிந்ததும் வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மேம்படுத்த வேண்டும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி ஸ்பீக்கரும் எரிந்துவிட்டது. புது 2என்3055 போட்டேன், ஒரே நாளில் அதுவும் போனது. நான் பொறியியல் மாணவன், சொந்தமாகச் சரிசெய்ய ஆசை.
— வாசகர், திருச்சி

தம்பி, ஆசையை விடாதீர்கள். வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

இந்த ஆம்புகளில் பவர் டிரான்சிஸ்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், பவர் சப்ளையின் 40 வோல்ட் டிசி நேரே காயிலில் போய் நிற்கும். 6 ஓமில் 40 வோல்ட் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 260 வாட்டுக்கு மேல். கூம்பு அசைந்தால் காற்றாவது படும், டிசியில் அதுவும் இல்லை. நொடிகளில் எரியும்.

ஒரு டிரான்சிஸ்டர் போகும்போது தனியாகப் போவதில்லை. அதை ஓட்டும் சிறு டிரான்சிஸ்டரும் எமிட்டர் ரெசிஸ்டரும் கூடவே போயிருக்கும். அவற்றைச் சோதிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். இரண்டாவது காரணம், போலி. சந்தையில் 2என்3055 என்று அச்சடித்த உலோகக் குல்லாய்களில் கணிசமானவை போலி. எரிந்ததை அறுத்துத் திறந்து பாருங்கள். அவ்வளவு பெரிய குல்லாய்க்குள் கடுகளவு சில்லு இருந்தால் புரிந்துகொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் எம்ஜே15003 வாங்குங்கள். 2என்3055 தாங்குவது 60 வோல்ட், இது 140 வோல்ட். இதன் ஜோடி எம்ஜே15004, உங்கள் ஆம்பில் மறுபக்கம் எம்ஜே2955 இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். மைக்கா தகடும் வெப்பப் பசையும் புதியதாக இருக்கட்டும். இறுக்கிய பிறகு, குல்லாய்க்கும் அதன் சூட்டை வாங்கும் உலோகத் தகடான ஹீட்சிங்குக்கும் நடுவே தொடர்பு இல்லை என்பதை மீட்டரில் உறுதிசெய்யுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். ஸ்பீக்கரை இணைக்காமல், 100 வாட் இழை பல்பு ஒன்றை மின்சாரக் கம்பியில் தொடராக வைத்து சுவிட்ச் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட், உடனே அணையுங்கள். மங்கினால் ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது. அடுத்து, பல்பை எடுத்துவிட்டு, வாசிக்காதபோதும் பவர் டிரான்சிஸ்டரில் ஓடும் பயாஸ் மின்னோட்டத்தை சர்வீஸ் மேனுவலில் சொன்னபடி சரிசெய்யுங்கள். எமிட்டர் ரெசிஸ்டர் 0.33 ஓம் என்றால் அதன் குறுக்கே 10 மில்லிவோல்ட் இருக்கும்போது ஓடுவது 30 மில்லி ஆம்பியர். பயாஸ் மிகக் குறைந்தால் சுரம் தேய்ந்து அடங்கும்போது மணல் உரசுவதுபோலக் கேட்கும், மிகக் கூடினால் டிரான்சிஸ்டர் மறுபடி போகும்.

எல்லாம் முடிந்ததும் யுபிசி1237 ஐசி கொண்ட ஸ்பீக்கர் பாதுகாப்பு போர்டு ஒன்றைச் சேருங்கள். விலை குறைவு. டிசி வந்தால் ரிலே ஸ்பீக்கரைத் துண்டிக்கும். பழைய ஆம்புக்கு நான் முழு மனதோடு பரிந்துரைக்கும் கூடுதல் பாகம் இது ஒன்றுதான். ரிலேயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பலவற்றில் 30 வோல்ட் டிசி என்றுதான் இருக்கும். 40 வோல்ட்டைத் துண்டிக்கும்போது முனைகளுக்கு நடுவே தீப்பொறி நின்று எரிந்தால் ரிலே இருந்தும் பயனில்லை. ஸ்பீக்கரை ரிலேயின் பொது முனையில் இணைத்து, ஓய்வு நிலை முனையைத் தரையோடு சேர்த்துவிட்டால் அந்தப் பொறி தரைக்குப் போகும், ஃப்யூஸ் எரியும், ஸ்பீக்கர் பிழைக்கும்.

ஸ்பீக்கரை மாற்றினால் ஒலி மேம்படுமா? 8 ஓம் ஆம்பில் 4 ஓம், 16 ஓம் போடலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

பின்பலகையில் எழுதிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. 8 என்றால் 4 வேண்டாம். 16 போடலாம், சக்தி ஏறத்தாழ பாதியாகும், ஆபத்தில்லை. ஸ்பீக்கரே இல்லாமலும் டிரான்சிஸ்டர் ஆம்ப் தாங்கும். வால்வு ஆம்ப் அப்படியல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மலிவான ஸ்பீக்கரோடு வந்த ஆம்ப் என்றால், செலவழிக்கும் பணத்துக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. வாட் அளவைப் பார்ப்பவர்கள், ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்று சொல்லும் டெசிபல் அளவைப் பார்ப்பதில்லை. 97 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 100 டெசிபல் உள்ள செலஸ்டியன் வின்டேஜ் 30 போன்ற ஒன்றை வைத்தால், ஆம்பின் சக்தியை இரட்டித்ததற்குச் சமம். ஒலிபெருக்கி வாடகைக் கடைகளில் கிடைக்கும், கூட்டங்களில் பேச்சுக்கும் பாட்டுக்கும் வைக்கும் பிஏ ஸ்பீக்கரை மட்டும் வைக்காதீர்கள். அது உயர்ந்த சுரங்களையும் விடாமல் எடுத்துக்காட்டும், டிஸ்டார்ஷன் போட்டால் காதைக் கீறும். ஜேசி-120 என்றால் உயிரோடிருக்கும் ஸ்பீக்கரை மாற்றவே வேண்டாம். ஒன்று எரிந்திருந்தால் இரண்டையும் ஒரே ரகமாக மாற்றி, பிளஸ் மைனஸ் ஒரே திசையில் இருப்பதை 1.5 வோல்ட் பேட்டரி தொட்டுப் பாருங்கள், இரு கூம்புகளும் முன்னே வர வேண்டும். எதிரெதிராக இருந்தால் அடிச்சுரம் காணாமல் போகும்.

டிரான்சிஸ்டர் ஆம்பின் முன்பகுதியில் ஒரு வால்வு சேர்த்தால் வால்வு ஒலி வருமா?
— வாசகர், ஈரோடு

வராது. ஆம்பைத் துளைக்காமல், முன்னால், ஒலியைக் கரகரப்பாக்கும் நல்ல ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வைத்து, ஆம்பைச் சுத்தமாக வைத்திருங்கள்.

மாமா கல்லூரியில் வாசித்த டிரான்சிஸ்டர் ஆம்ப் பரணில் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. எனக்குத் தருகிறேன் என்கிறார். அப்படியே பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?
— வாசகி, புதுச்சேரி

செருக வேண்டாம். நல்ல மாமா, ஆம்பையும் நல்லபடியாக எழுப்புவோம்.

பின்பலகையைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தூசியை எடுங்கள். எலி கடித்த கம்பி, உப்பிய கெப்பாசிட்டர், அடியில் பழுப்புக் கசிவு, ஸ்பீக்கர் கூம்பில் பூச்சி அரித்த ஓட்டை இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மின்வயரின் ரப்பர் வெடித்திருந்தால் அதுவே முதல் செலவு. எதிரொலி தரும் ஸ்பிரிங் பெட்டி இருந்தால் அதைத் தொங்கவிட்ட பையிலிருந்து எடுத்து, முனைகளில் முடி போன்ற மெல்லிய கம்பிகள் அறுபடாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள், ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் பரணிலிருந்து இறக்கினால் இரண்டு நாள் காற்றோட்டமான அறையில் உலரவிடுங்கள்.

பிறகு திருச்சித் தம்பிக்குச் சொன்ன தொடர் பல்பு சோதனையை, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். ஸ்பீக்கர் முனையில் டிசி இல்லை என்று தெரிந்ததும் ஸ்பீக்கரை இணைத்து, குறைந்த வால்யூமில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். இடையிடையே பவரை அணைத்து, பிளக்கை உருவி, ஹீட்சிங்கைத் தொட்டுப் பாருங்கள். வாசிக்காமல் இருக்கும்போதே கை வைக்க முடியாத சூடு என்றால் பயாஸ் சரியில்லை, அதைப் பார்த்த பின் வாசிக்கலாம். மீண்டும் எழுதும்போது மாடல் எண்ணையும் பவர் டிரான்சிஸ்டர் மேல் அச்சடித்த எண்ணையும் குறிப்பிடுங்கள். பீவி போன்ற நிறுவனங்கள் அங்கே தங்கள் சொந்த எண்ணை அச்சடித்திருக்கும், அதைக் கடையில் கேட்டால் யாருக்கும் தெரியாது. இணையான எண்ணை நான் தேடித் தருகிறேன்.